இருநூறு கிராம் தேநீர்: ஒரு கேட் ஸ்டீவன்ஸ் மறுபதிப்பைக் கேட்ட குறிப்புகள்

ஆடியோஃபைல் என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பாட்டைக் கேட்பதைவிட, பாட்டு எப்படிக் கேட்குது என்பதைக் கேட்பவர்கள். இந்தக் கூட்டத்தில் பல வருஷமாகக் கைமாறிக்கொண்டும் பேசப்பட்டுக்கொண்டும் இருக்கும் தட்டுகளில் ஒன்று, கேட் ஸ்டீவன்ஸின் 'டீ ஃபார் தி டில்லர்மேன்'. 1970 நவம்பரில் லண்டனில் ஐலண்ட் கம்பெனி வெளியிட்ட ஆல்பம். 2011இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சலைனா என்கிற சின்ன ஊரிலிருந்து 'அனலாக் ப்ரொடக்‌ஷன்ஸ்' அதை 200 கிராம் வினைல் தட்டாக மறுபடி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு 45 வேகத்தில் இரண்டு தட்டுகளாக, பெட்டிக்குள் வைத்து, நூறு டாலருக்கு மேல் விலை போட்டு இன்னொரு பதிப்பும் வந்தது.

நான் பேசப்போவது 33 வேகத்தில் சுழலும் அந்த ஒற்றைத் தட்டைப் பற்றி. மாமு மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. ஒரு மாசத்துக்கு மேல் கேட்டாச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சு பிரமாதம். சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு அமைதியான தட்டு என் கைக்கு வந்ததில்லை. ஆனால் இந்த மாதிரி தட்டுகளை விற்கப் பயன்படும் "அசலுக்கே திரும்புகிறோம்" என்ற பேச்சு இருக்கிறதே, அதில் எனக்கு நிறைய சந்தேகம். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆல்பம் எங்கிருந்து வந்தது

ஸ்டீவன் டிமிட்ரி ஜார்ஜியூ 1948இல் லண்டனில் பிறந்தவர். அப்பா சைப்ரஸ் கிரேக்கர், அம்மா ஸ்வீடன்காரர். ஹோட்டல் நடத்திய குடும்பம், கடைக்கு மேலேயே வீடு. கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பதினெட்டு வயசில் பாப் பாடகராகிவிட்டார். அப்போது வந்த பாட்டுகளில் பின்னணி வாத்தியங்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி இருக்கும். அவர் குரலைத் தேடித்தான் பிடிக்கணும். பிறகு காசநோய் வந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, ஓய்வு. படுக்கையில் கிடந்த காலத்தில் நிறைய எழுதினார், நிறைய படித்தார். எழுந்து வந்தபோது அந்த ஆரவாரம் வேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தார்.

அதற்குத் தோதான தயாரிப்பாளர் கிடைத்தார்: பால் சாம்வெல்-ஸ்மித். யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அவர் செய்த பெரிய வேலை, சேர்த்தது இல்லை, குறைத்தது. ஸ்டீவன்ஸின் கிட்டார், பக்கத்தில் ஆலன் டேவிஸின் கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், தேவையான இடத்தில் மட்டும் டெல் நியூமன் அமைத்த வயலின் வரிசை. 1970இல் மட்டும் இப்படி இரண்டு ஆல்பம் வந்தது. இரண்டாவதுதான் இது. பதினோரு பாட்டு, மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அட்டைப்படமும் அவரே வரைந்தது: தாடிக்காரர் ஒருவர் மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார், பக்கத்தில் மரமும் விளையாடும் பிள்ளைகளும்.

எழுதியவரே பாடி, பாடியவரே வாசித்து, கேட்பவரின் பக்கத்தில் வந்து உட்கார்வது போன்ற பதிவு. இந்த வகை ஆல்பங்களை ஆடியோஃபைல்கள் ஏன் தேடிப் போகிறார்கள் என்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கு. பிரியாணியில் அரிசியின் குறையை மசாலா மறைத்துவிடும். வெறும் சோறாக வடித்துச் சாப்பிட்டால்தான் அரிசி எப்படிப்பட்டது என்று நாக்குக்குத் தெரியும். அதே மாதிரி, டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் முழங்கும் பாட்டில் தட்டின் கரகரப்பு அமுங்கிப்போகும். ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்கும் பாட்டில் ஒவ்வொரு தூசியும் கேட்கும். அச்சுக்காரரின் யோக்கியதை அங்கேதான் வெளிப்படும்.

தட்டு எப்படி உருவாகிறது

இதைத் தெரிந்துகொண்டால்தான் மறுபதிப்பில் எது மாறுகிறது என்று புரியும். சுருக்கமாகச் சொல்றேன்.

முதலில் மாஸ்டர் டேப். ஸ்டூடியோவில் கடைசியாகக் கலந்து முடித்த காந்த நாடா. அதை ஓடவிட்டு, அரக்கு பூசிய அலுமினியத் தட்டில் ஒரு இயந்திரம் பள்ளம் வெட்டும். அந்த அரக்குத் தட்டுக்கு உலோக முலாம் பூசி உரித்தெடுத்தால் கிடைப்பது 'ஃபாதர்'. அதில் பள்ளம் மேடாக இருக்கும். ஃபாதரிலிருந்து எடுப்பது 'மதர்'. மதரிலிருந்து எடுப்பது 'ஸ்டாம்ப்பர்'. பழைய தொழிலாளிகள் இதை 'சன்' என்றும் சொல்வதுண்டு. அப்பா, அம்மா, பிள்ளை. இந்தப் பிள்ளைதான் சூடான வினைலை அழுத்தி நம் கைக்கு வரும் தட்டாக ஆக்குகிறது. ஒரு ஸ்டாம்ப்பர் ஆயிரம் தட்டு, கொஞ்சம் கூடப் போனால் அதற்கு மேல் சில நூறு. அதற்குப் பிறகு தேய்ந்துவிடும். ஒரே ஆல்பத்தின் இரண்டு பிரதிகள் ஒரே மாதிரி ஒலிக்காததற்கு இந்தக் குடும்ப மரமும் ஒரு காரணம்.

2011 பதிப்புக்கு மாஸ்டரிங் செய்தவர் ஜார்ஜ் மரினோ, நியூயார்க் ஸ்டெர்லிங் சவுண்டில். இந்தத் தொழிலில் மூத்தவர்களில் ஒருவர். அதற்கு அடுத்த வருஷமே, 2012இல் காலமானார். அச்சடித்தது சலைனாவில் சாட் கேசம் புதிதாக ஆரம்பித்த 'குவாலிட்டி ரெக்கார்ட் பிரஸ்ஸிங்ஸ்'. அந்த ஆலையிலிருந்து வெளியே வந்த முதல் தட்டே இதுதான். புதுக்கடை திறக்கிறவன் முதல் நாள் எப்படிச் சமைப்பானோ, அப்படிச் சமைத்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு விஷயம். 200 கிராம் என்று அட்டையில் பெரிசாகப் போடுகிறார்கள். சாதாரணத் தட்டு 120லிருந்து 140 கிராம் வரை இருக்கும். எடை கூடினால் ஒலி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். பள்ளத்தின் ஆழம் எடையைப் பொறுத்தது இல்லை. கனமான தட்டு எளிதில் வளையாது, டர்ன்டேபிளில் அசையாமல் உட்காரும், அவ்வளவுதான். மற்றபடி 200 கிராம் என்பது கைக்குக் கிடைக்கும் திருப்தி. துணிக்கடையில் பட்டைக் கையில் வாங்கி கனம் பார்ப்பது போல.

கேட்டுப் பார்த்தது

ஒப்பிட என்னிடம் இருந்தது இரண்டு. ஒன்று, பழைய தட்டுக் கடையில் வாங்கிய ஏ அண்ட் எம் அமெரிக்கப் பிரதி. கழுவிச் சுத்தம் செய்தது. இன்னொன்று, எல்லோரும் போனில் கேட்கும் ஸ்ட்ரீமிங். ஒலி அளவை மூன்றுக்கும் சமமாக வைத்துத்தான் கேட்டேன். இதை வேண்டுமென்றே சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் 'நல்லா' இருக்கிற மாதிரிதான் நம் காதுக்குப் படும். இந்த ஒரு ஏமாற்றைத் தவிர்க்காத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீங்க.

முதல் பாட்டு, பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று கேட்கும் பாட்டு. கிட்டார் தொடங்குவதற்கு முன் இருக்கும் அந்த இரண்டு நொடி. பழைய பிரதியில் அங்கே மழைத்தூறல் மாதிரி ஒரு சத்தம். மறுபதிப்பில் ஒன்றுமே இல்லை. அமைதியிலிருந்து கிட்டார் வருகிறது. ஸ்ட்ரீமிங்கிலும் அமைதிதான். ஆனால் அங்கே பாட்டு ஏறும்போது குரல் ஏறுகிற அளவு குறைவாக இருக்கிறது. மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரம் சுருங்கிப்போகிறது. இந்த ஆல்பத்தின் உயிர் அந்தத் தூரத்தில்தான். ஸ்டீவன்ஸ் முணுமுணுப்பில் தொடங்கி, அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு கத்தலில் போய் நிற்பார். 'மைல்ஸ் ஃப்ரம் நோவேர்' பாட்டில் அந்த ஏற்றம் மறுபதிப்பில் பயமுறுத்துகிறது. நல்ல அர்த்தத்தில்தான்.

'இன்டு ஒயிட்' எனக்கு இந்தத் தட்டின் சிறந்த நிமிடங்கள். தாளவாத்தியம் கிடையாது. விரலால் மீட்டும் கிட்டார், அடியில் பேஸ், நடுவில் ஒரு வயலின் எழுந்து வந்து போகும். பழைய பிரதியில் வயலினும் கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. இதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். பாட்டு வீட்டைப் பற்றியது, நிறங்களைப் பற்றியது. வாத்தியங்கள் பிரிந்து நிற்கும்போது அந்த வீட்டுக்கு அறைகள் வந்த மாதிரி இருக்கிறது. ஒலித் தெளிவு பாட்டின் பொருளுக்கு உதவும் இடம் இது. இந்த மாதிரி இடங்கள்தான் மறுபதிப்பு என்ற காரியத்தையே நியாயப்படுத்துகின்றன.

'சேட் லிசா'வில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நீருக்குள்ளிருந்து வருவது போன்ற பியானோ, அழும் பெண், வயலின். தெளிவு கூடக்கூட அந்த நீர்த்தன்மை ஒரு ஸ்டூடியோ உத்தியாகக் காதில் விழ ஆரம்பிக்கிறது. பழைய, கொஞ்சம் மங்கலான பிரதியில் அது சோகமாகத்தான் இருந்தது. உத்தி தெரிகிற அளவுக்கு வெளிச்சம் போட்டுவிட்டார்கள். இதில் மரினோவின் தப்பு ஒன்றும் இல்லை. டேப்பில் இருப்பதைத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் கூடுதல் தெளிவு எப்போதும் கூடுதல் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தட்டின் கடைசி அங்குலம்

வினைலுக்குப் பிறவியிலேயே ஒரு ஊனம் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுழல்கிறது. வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு. 33 வேகத் தட்டில் ஊசிக்கு அடியில் வெளி ஓரத்தில் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள் ஓரத்தில் சுமார் 20தான். அதே பாட்டை, பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதணும். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில் 'ஸ', 'ஷ' ஒலிகள் சிதறும், உரத்த இடங்கள் கரகரக்கும்.

இந்த ஆல்பத்தின் வம்பு என்ன தெரியுமா? இரண்டாம் பக்கத்தின் கடைசியில்தான் 'ஃபாதர் அண்ட் சன்' இருக்கிறது. அதற்கும் பிறகு, தலைப்புப் பாட்டு. ஒரு நிமிஷப் பாட்டு. தனிக்குரலாகத் தொடங்கி, கடைசியில் ஒரு கோரஸ் கூட்டமே திரண்டு எழும். தட்டிலேயே மோசமான இடத்தில், தட்டிலேயே உரத்த சத்தங்களில் ஒன்று. எந்த அச்சையும் சோதிக்க வேண்டுமென்றால் நேராக அங்கே ஊசியை வைங்க.

என் பழைய பிரதி அங்கே உடைந்துபோகிறது. கோரஸ் ஒரு கூச்சலாகிவிடும். மறுபதிப்பில் உடையவில்லை. கொஞ்சம் இறுகுகிறது, 'ஸ' ஒலியில் லேசான கடுமை தெரிகிறது, ஆனால் குரல்கள் குரல்களாகவே நிற்கின்றன. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கும் குறைவாக ஓடுவது இங்கே கைகொடுக்கிறது. பள்ளங்களை நெருக்கியடிக்க வேண்டிய அவசியம் இல்லை. 45 வேகப் பதிப்புக்குத் தேவை எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கேதான் புரியும். வேகம் கூடினால் இந்த ஊனம் குறையும். ஆனால் அதற்கு விலையாக, முக்கால் மணி நேரம்கூட ஓடாத ஆல்பத்துக்கு மூணு தடவை எழுந்து தட்டைத் திருப்பணும். ஒரு ஆல்பம் தொடர்ச்சியாக நகர்வதை நாலு துண்டாக வெட்டுவது ஒலிக்கு லாபம், பாட்டுக்கு நஷ்டம். எனக்கு ஒற்றைத் தட்டே போதும்.

காதும் நம்பிக்கையும்

இப்போது சந்தேகத்துக்கு வர்றேன்.

ஆடியோஃபைல் உலகில் 'முழு அனலாக்' என்ற சொல்லுக்கு ஹலால் முத்திரை மாதிரி ஒரு மதிப்பு. டேப்பிலிருந்து தட்டு வரை நடுவில் எங்கேயும் டிஜிட்டல் கலக்கவில்லை என்று அர்த்தம். 2022 ஜூலையில் இந்த உலகத்தில் ஒரு பூகம்பம் நடந்தது. மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனி, எண்பதுகளிலேயே இந்த ஆல்பத்துக்கு ஓர் உயர்விலைப் பதிப்பு போட்டவர்கள், தன்னுடைய பல தட்டுகளில் நடுவே டிஜிட்டல் கோப்பைப் பயன்படுத்தியிருக்கிறது என்பது வெளியே வந்தது. பல வருஷமாக நடந்திருக்கிறது. வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், கம்பெனி பணத்தைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. (அனலாக் ப்ரொடக்‌ஷன்ஸ் வேறு கம்பெனி; இந்தக் குற்றச்சாட்டு அவர்கள்மேல் வந்தது இல்லை.)

இதில் கவனிக்க வேண்டியது மோசடியை மட்டும் இல்லை. அத்தனை வருஷமும் அந்தத் தட்டுகளைக் கேட்டு, "இதில்தான் அனலாகின் இளஞ்சூடு இருக்கு, டிஜிட்டலில் இது வரவே வராது" என்று பெரிய பெரிய காதுக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருடைய காதும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் வெளியே வந்தது கேள்வி கேட்டதால், கேட்டதால் இல்லை.

இதிலிருந்து சிலர் "ஆக எல்லாம் ஏமாற்று, போனில் கேட்டால் போதும்" என்ற முடிவுக்குப் போனார்கள். அது அவசரம். அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பதும் உண்மை, சொன்ன வார்த்தை பொய் என்பதும் உண்மை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒலி நல்லா இருக்கா என்பதற்கு ஒப்பிட்டுக் கேட்டால் விடை கிடைக்கும். சொன்ன வழியில்தான் செய்தார்களா என்பதற்குக் காது சாட்சி சொல்லாது. கணக்குப் புத்தகம்தான் சொல்லும். ஆடியோஃபைல் எழுத்தின் அடிப்படைப் பலவீனம், இந்த இரண்டாவது கேள்விக்கும் காதையே சாட்சிக்கு அழைப்பது. 'டீ ஃபார் தி டில்லர்மேன்' மறுபதிப்பு நல்லா இருப்பதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று: நல்ல டேப், அனுபவமான கை, சுத்தமான அச்சு. மூன்றும் உழைப்பு. இதில் மந்திரம் எதுவும் இல்லை.

குழாயில் கேட்ட பாட்டு

பேகம்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தட்டைக் கேட்கும்போது இன்னொரு ஒலி தானாக நினைவில் வந்து நிற்கிறது. இங்கே தட்டு என்றால் அது வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிற பொருள் இல்லை. ரேடியோ செட்டுக்காரர் பெட்டியில் வரும். கல்யாணம், கத்னா, கந்தூரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்திலும் மாடியிலும் குழாய் கட்டுவார்கள். நாகூர் ஹனீபா பாடத் தொடங்கினால் பெரிய பள்ளிவாசலிலிருந்து மெயின் ரோடு வரை அவர்தான். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரில் அமைந்த ஊர் இது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்க் கதை தெரிகிறதோ இல்லையோ, ஹனீபாவின் குரல் தெரியும்.

அந்தக் குழாயின் தொழில்நுட்ப லட்சணத்தைப் பார்த்தால் ஆடியோஃபைல் மயங்கி விழுந்துவிடுவார். கனத்த கீழ் ஒலிகளை அது தராது. மேலே நுண்ணிய ஒலிகளும் வராது. நடுவில் மனிதக் குரல் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, மைல் கணக்கில் வீசும். ஹனீபாவின் குரல் அதற்கென்றே பிறந்தது மாதிரி: உச்சத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி வைக்கும் குரல். அவர் எழுதிப் பாடியவர் இல்லை, பாட்டுகள் வேறு புலவர்கள் எழுதியவை. ஆனாலும் மேடைக் கச்சேரியில் கேட்பவருக்கும் பாடகருக்கும் நடுவில் அலங்காரம் குறைவு என்ற வகையில் ஸ்டீவன்ஸுக்கு ஏதோ ஒரு சொந்தம்.

முன்பு ரேடியோ செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்து இந்த மறுபதிப்பைப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் பாட்டு அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு பாட்டு முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது பக்கத்துல உக்காந்து பேசுற சத்தம். நாங்க போட்டது தெருமுனையில நிக்கிறவனைக் கூப்பிடுற சத்தம்" என்றார்.

"ரெண்டுல எது அசல் அத்தா?" என்று கேட்டேன்.

"யாரைக் கூப்பிடணும்கிறதைப் பொறுத்துத்தான்" என்றார்.

ஆடியோஃபைல் விமர்சனங்கள் ஆயிரம் படித்தாலும் கிடைக்காத அளவுகோல் இது. ஒலியின் தரம் தனியாக அந்தரத்தில் நிற்பதில்லை. யார், எங்கே இருந்து, யாருக்காகப் பாடுகிறார் என்பதோடு சேர்ந்ததுதான் தரம். ஸ்டீவன்ஸின் தட்டு ஒரு அறையில் ஒருவருக்காகச் செய்யப்பட்டது. ஆகவே அதற்கு அந்த அமைதியும் அந்த நுணுக்கமும் நியாயம். அதே அளவுகோலை எல்லா இசைக்கும் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் பிழை தொடங்குகிறது.

எது அசல்?

பேகம்பூர் வாசகர்களில் பலருக்கு இந்தப் பாடகரை வேறு பெயரில் தெரியும்: யூசுஃப் இஸ்லாம். 1977 டிசம்பரில் இஸ்லாத்தைத் தழுவினார். கொஞ்ச காலத்திலேயே கிட்டார்களை ஏலத்தில் விற்று தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு பாப் உலகத்திலிருந்தே வெளியேறினார். பிறகு பாடியபோது குரலும் தாளமும் மட்டும். தஃப் ஆகுமா, தந்தி வாத்தியம் ஆகுமா என்ற வாதம் இங்கேயும் பள்ளிவாசல் திண்ணைகளில் கேட்ட வாதம்தான். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு, மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிட்டாரை ஒருநாள் கையில் எடுத்தவர், 2006இல் புது ஆல்பத்தோடு திரும்பி வந்தார். 'ஃபாதர் அண்ட் சன்' எழுதியவருக்கு அப்படி நடந்தது பொருத்தம்தான்: இந்த முறை வழி காட்டியது மகன்.

2020இல், ஆல்பத்துக்கு ஐம்பது வயசானபோது, அவர் அதே பதினோரு பாட்டுகளையும் புதிதாகப் பதிவு செய்தார். 'ஃபாதர் அண்ட் சன்' பாட்டில் மகனின் பகுதிக்கு 1970இல் மேடையில் பாடிய தன் இளம் குரல், அப்பாவின் பகுதிக்கு எழுபது வயசுக் குரல். 1970இல் ஒரே இளைஞன் குரலைத் தாழ்த்தி அப்பாவாக நடித்தான். இப்போது நடிக்க வேண்டியதில்லை. புதுப் பதிவின் மற்ற பாட்டுகள் எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. சிலவற்றில் தேவையில்லாத அலங்காரம். ஆனால் இந்த ஒரு பாட்டில், டேப்பைத் தேடிப் போகும் எந்த மறுபதிப்பும் தொட முடியாத இடத்தைத் தொட்டிருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மறுபதிப்புக்காரர் "1970இல் டேப்பில் என்ன இருந்ததோ அதுதான் பாட்டு" என்கிறார். பாட்டை எழுதியவரோ "பாட்டு என்னோடு சேர்ந்து வயசாகிறது" என்கிறார். எனக்கு இரண்டும் தேவைப்படுகிறது. பழைய டேப்பைச் சுத்தமாகக் காப்பாற்றி வைத்தால்தான், அந்த இருபத்திரண்டு வயசுக் குரல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் டேப்பை மட்டும் பாட்டாக நினைப்பவர், பாடகரை ஒரு வருஷத்துக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறார். எங்க ஊர்ப் பூட்டு எவ்வளவு உறுதியானாலும் அதற்குச் சாவி என்று ஒன்று கூடவே வரும்.

யார் வாங்கலாம்

ஓரளவு நல்ல டர்ன்டேபிளும் நல்ல ஊசியும் இருந்து, இந்த ஆல்பம் பிடித்திருந்தால், ஒற்றைத் தட்டுப் பதிப்பு கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். ஐலண்டின் முதல் அச்சுப் பிரதிகளைத் தேடி ஏலத்தில் கொட்ட வேண்டியதில்லை. டர்ன்டேபிளே இல்லாதவர் இதற்காக ஒன்று வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி, மாலை ஒருநாள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்க. இந்தத் தட்டு கொடுப்பதில் பெரும்பகுதி, நம்மை முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவைப்பதுதான். பெட்டிப் பதிப்பு சேகரிப்பவர்களுக்கு மட்டும்.

எனக்கு இந்த மறுபதிப்பு கிளப்பிவிட்ட கேள்வி வேறு. லண்டனில் ஒரு டேப்பை நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் சலைனாவில் ஒருவர் அதைக் கேட்டு வாங்க முடிந்தது. நம் பக்கத்தில், தட்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து சிடி, அதிலிருந்து எம்பி3, அதிலிருந்து யூடியூப் என்று ஹனீபாவின் குரல் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்துதான் இன்று போனில் நமக்குக் கிடைக்கிறது. ரேடியோ செட்டுக்காரர்களின் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. சில பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

பெரிய கம்பெனிக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. பரணில் தட்டு இருந்தால் முதலில் இறக்குங்க. வெயில் படாமல், படுக்கப் போடாமல், நெட்டுக்குத்தாக நிறுத்தி வைங்க. தண்ணீரோடு ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மெல்லிய துணி, லேபிள் நனையாமல் கழுவுங்க. 78 வேகத் தட்டாக இருந்தால் அரக்குத் தட்டுதான்: ஸ்பிரிட் படக்கூடாது, கரைந்துவிடும், அதற்கென்று இருக்கும் அகலமான ஊசியும் வேணும். 24 பிட்டில் பதிவு செய்யுங்க. கரகரப்பை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓடவிடும் முன்னால், எதையும் தொடாத ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைங்க. நாளைக்கு நம்மைவிட நல்ல கருவியோடு ஒருத்தர் வருவார், அவருக்கு அதுதான் மாஸ்டர் டேப். தட்டின் லேபிளையும் உறையையும் போட்டோ எடுத்து, எந்த வீட்டில், எந்த விசேஷத்தில் ஓடியது என்று ஒரு வரி எழுதி வைக்க மறந்துடாதீங்க.